கடல்நாய்க்கு மச்சான் முறை தெரியாது

1

போன தை மாதம் எங்களுக்குக் கலியாணம் நடந்து இருபத்தைந்து வருடம் நிறைந்தது. எங்களுக்கு என்று நான் சொல்வது இரண்டு சோடிகளை. ஒரே நாள், ஒரே பந்தல், ஒரே ஐயர். மணவறையை விட்டு நானும் இவரும் இறங்க, புகை அடங்கும் முன்பே என் அண்ணையும் இவருடைய தங்கச்சியும் ஏறி உட்கார்ந்தார்கள். மாற்றுச் சம்பந்தம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற இந்த வழக்கத்தை ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சீதனம் என்ற பேச்சே எழாது. இரண்டு வீட்டிலும் மருமகளைத் தலையில் வைத்துத் தாங்குவார்கள், ஏனென்றால் தங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே இருக்கிறாள். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் கோபம் வந்தால் மற்ற வீட்டிலும் சோறு இறங்காது.

இங்கே ஜேர்மனிக்கு வந்த புதிதில் இதை வெளிநாட்டவர் அலுவலகத்தில் விளக்க நாங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. ஐரோப்பாவில் சொந்தக்காரர் யாரும் உண்டா என்று கேட்டார்கள். லண்டனில் என் அண்ணை இருக்கிறார் என்றேன் நான். லண்டனில் என் தங்கச்சி இருக்கிறாள் என்றார் இவர். இரண்டு பேரும் கொடுத்தது ஒரே விலாசம். அந்த அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் விரல்களை மடக்கி நீட்டி ஏதேதோ சொன்னார். அதிகாரி எழும்பிப் போய் அடுத்த அறையிலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் எங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எனக்கு அப்போது மூன்று ஜேர்மன் சொற்கள்தான் தெரியும். அவற்றில் ஒன்றை எடுத்து "கூட்" என்றேன். நல்லது என்று அர்த்தம். அவர்கள் சிரித்துவிட்டார்கள், அலுவலும் முடிந்தது.

நல்லதுதான். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அதனால்தான் அண்ணையின் மகன் கஜனை என் மகள் தர்சினிக்குக் கட்டி வைப்பது என்று, இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே நானும் அண்ணையும் பேசி வைத்தோம். கஜன் அவளுக்குத் தாய்மாமன் மகன். அதோடு அப்பாவின் தங்கச்சியான சொந்த மாமியின் மகனும் கூட. இரட்டை மச்சான், இரட்டை உரிமை. இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். வெள்ளிவிழா மண்டபத்திலேயே நிச்சயத்தை அறிவிப்பது என்று முடிவாகியிருந்தது.

2

நான் டுசல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். விடியுமுன் டிராமில் ஏறினால் மத்தியானம் தாண்டி வீடு திரும்புவேன். ஜேர்மன் மொழியை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு படித்தவள் நான். சமையற்கூடத்தில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் அழைப்பார்கள். அதையே நகரசபையிலும் வங்கியிலும் போய்ச் சொல்வேன். பக்கத்தில் நின்று தர்சி நெளிவாள்.

"அம்மா, அந்த ஆளை நீ எண்டு சொல்லாதேங்கோ. மரியாதை இல்லை."

"அந்தாளுக்கு விளங்கினது தானே? விடு."

இப்போது அவள் பக்கத்தில் நிற்பதில்லை. உயிரியல் படிக்கிறேன் என்று போனவள், வடகடல் கரையில் கடல்நாய்க் குட்டிகளோடு போய் நிற்கிறாள். படிப்பு முடிகிற கட்டத்தில் எழுதுகிற ஆராய்ச்சி அது. கோயிலில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் டொக்டர் மாதிரி என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவேன். பல்கலைக்கழகம் போய்க் கடல்நாயின் வயிற்றைக் கிழிக்கிறாள் என்று பிரகாரத்தில் நின்று சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டே போனாள். தொலைபேசியில் நான் தமிழில் கேட்க அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். கலியாணக் கதை எடுத்தால் மட்டும் தமிழுக்கு வருவாள்.

"நீங்கள் சொல்லுறபடி செய்வன் அம்மா."

இந்த ஒரு வசனம்தான், ஒரு சொல்லும் மாறாமல். எனக்கு அது போதுமாக இருந்தது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் என் பிள்ளை தங்கம் என்று நினைத்தேன். அண்ணையிடமும் அப்படியே சொன்னேன். அங்கே கஜனும் அதே பதிலைத்தான் சொல்கிறான் என்றார் அண்ணை. இரண்டு பேரும் அப்படியே பூரித்துப் போனோம்.

3

இலை கொட்டத் தொடங்கியிருந்த நேரம். நிச்சயத்துக்கு எடுத்த சேலைகளைக் காட்டி ரவிக்கைக்கு அளவெடுக்க வேண்டும். அவளுக்கு வர நேரமில்லை. சரி, நானே வாறன் என்று ரயிலேறினேன்.

வடகடல் நம்முடைய கடல் மாதிரி இல்லை. கடல் வற்றுகிற நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறுதான். நடுவே மணல்திட்டுகள். அந்தத் திட்டுகளில் கடல்நாய்கள் மூட்டைகள் போலக் கிடக்கும். வெயிற்காலத் தொடக்கத்தில் குட்டி போடும். தாய் ஒரு மாதம்போலப் பால் கொடுத்துவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். அதன்பிறகு குட்டி தானே மீன் பிடித்துத் தின்ன வேண்டும். நான் போன காலம் அந்தக் குட்டிகள் தனியே பிழைக்கப் பழகுகிற காலம். பழகாதவை கரையொதுங்கும். அந்தச் செத்த குட்டிகள்தான் என் மகளின் மேசைக்கு வருகின்றன.

தர்சி ரப்பர் சப்பாத்தும் நீண்ட அப்ரனுமாக வந்து ஆய்வுகூடக் கதவைத் திறந்தாள். பக்கத்தில் சில்கே என்று அவளோடு வேலை செய்கிற ஒரு ஜேர்மன் பிள்ளை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு போகவில்லை. நானும் இறைச்சி வெட்டிச் சீவிக்கிறவள்தான். மேசையில் ஒரு குட்டி கிடந்தது. சாம்பல் நிற மயிர், பொட்டுப் பொட்டாகப் புள்ளி, குழந்தைப்பிள்ளையினுடையது போல உருண்டைத் தலை. பாவமாக இருந்தது.

தர்சி நுரையீரலை எடுத்து, மூச்சுக் குழாய் வழியாக நீளத்துக்கு வெட்டித் திறந்தாள். உள்ளே இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டதுபோல வெள்ளை வெள்ளையாகப் புழு. அன்று தொட்டு நான் இடியப்பம் அவிக்கவில்லை.

"மீனிலை இருந்து வாறது அம்மா. எல்லாக் குட்டியும் அந்த மீனைத்தான் தின்னுது. எல்லாத்துக்கும் கொஞ்சம் புழு வரும். சிலது தாங்கும். சிலதுக்கு இப்பிடி அடைச்சு, மூச்சு விடேலாமல் செத்துப்போகும்."

"ஏன் சிலதுக்கு மட்டும்?"

"அதைத்தான் நாங்கள் பாக்கிறம். தோலிலை கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதிச்சா, தாயிட்டை இருந்து வந்ததும் தகப்பனிட்டை இருந்து வந்ததும் ஒரே மாதிரி இருக்கோ, வேறை வேறையோ எண்டு தெரியும். ஒரே மாதிரிக் கனக்க இடத்திலை இருந்தா, தாயும் தகப்பனும் நெருங்கின சொந்தம். அப்பிடிப்பட்ட குட்டிகளுக்குத்தான் புழு கூடுதல்."

கடலில் அலைகிற விலங்குக்குச் சொந்தத்துக்குள்ளே போய் விழ வேண்டிய தேவை என்ன என்று கேட்டேன். ஒரு காலத்தில் இந்தக் கடல்நாய்களை வேட்டையாடித் தீர்த்தார்களாம். பிறகு நோய் வந்து ஆயிரக்கணக்கில் கரையொதுங்கியதாம். மிஞ்சியவை பெருகினாலும் அவை கொஞ்சத்திலிருந்து வந்தவை. பழகிய திட்டை விட்டும் இலகுவில் போகமாட்டா. அதனால் தெரியாமலே சொந்தத்துக்குள் சேர்ந்துவிடுகின்றன என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். உலகத்தில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கேள்வி வராது.

"எப்பிடிச் சொந்தம்? மாமன் மகனோ, சித்தப்பன் மகனோ?"

தர்சி கத்தியைக் கீழே வைத்தாள். அம்மா என்ன கேட்கிறா என்று சில்கே கேட்டாள். தர்சி மொழிபெயர்த்தாள். சில்கேக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்றாள். நான் விடுவேனா? என் சமையற்கூட ஜேர்மனில் கையைக் காலைக் காட்டி விளக்கினேன். சித்தப்பாவின் மகன் எனக்குத் தம்பி. அவனைக் கட்டுவதை நினைத்தாலே பாவம். மாமாவின் மகன் மச்சான், அவன் கட்டுகிற முறை. இரண்டும் எப்படி ஒன்றாகும்? சில்கே மரியாதையாகத் தலையாட்டினாள். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா," என்றாள் தர்சி மெதுவாக. "கடல்நாய்க்கு மச்சான் முறை தெரியாது. இரத்தத்துக்கும் தெரியாது."

4

அவளுடைய அறை சின்னது. கட்டிலில் சேலைகளை விரித்தேன். அரக்கு ஒன்று, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. அவள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து சேலைகளை ஓரமாக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்குள் மேசையில் பார்த்த வெள்ளைப் புழுதான் நெளிந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"அப்ப நீ என்னடி சொல்லுறாய்? ஊரிலை எத்தினை பேர் மச்சானைக் கட்டிப் பிள்ளை குட்டியோடை இருக்கினம். எல்லாருக்கும் என்ன நடந்திட்டுது?"

"ஒண்டும் நடக்கேல்லை. நிறையப் பேருக்கு ஒண்டும் நடக்காது அம்மா. சொந்தத்திலை பிறந்த கடல்நாய்க் குட்டியும் நல்லா நீந்தித் திரியுது. ஒரு குட்டியைப் பாத்து இதாலைதான் செத்தது எண்டு என்னாலை சொல்லேலாது. ஆனா கனக்கக் குட்டியளைப் பாத்தா, எந்தப் பக்கம் கூடுதலாச் சாகுது எண்டு தெரியும்."

"நானும் அப்பாவும்?"

"நீங்களும் அப்பாவும் சொந்தமே இல்லையே. கலியாணத்துக்குப் பிறகுதானே சொந்தம். எனக்கு ஒரு குறையும் இல்லை."

அந்த மட்டில் மூச்சு வந்தது. பிறகு அவள் கேட்டாள்.

"அம்மா, ஒரு பிள்ளைக்கு எத்தினை பூட்டன் பூட்டி?"

"எட்டுப்பேர்."

"எனக்கும் கஜனுக்கும் பிள்ளை பிறந்தா?"

இதென்ன பெரிய கணக்கு என்று விரலை மடக்கினேன். தர்சி பக்கத்தில் என் அப்பா, அம்மா. இவருடைய அப்பா, அம்மா. நான்கு. இனிக் கஜன் பக்கம். அண்ணையின் அப்பா, அம்மா. அது என் அப்பா அம்மாதான். மச்சாள் என்கிற இவருடைய தங்கச்சியின் அப்பா, அம்மா. அது இவருடைய அப்பா அம்மாதான். ஐந்தாவது விரல் மடங்கவேயில்லை. மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினேன். மறுபடியும் நான்கு பேர்தான் வந்தார்கள்.

"வேறை மச்சான் எண்டாலும் பரவாயில்லை. நாங்கள் ரெண்டு பக்கத்தாலையும் சொந்தம். இரத்தக் கணக்கிலை பாத்தா, ஒரே தகப்பனுக்கும் ரெண்டு தாய்க்கும் பிறந்த பிள்ளையள் எவ்வளவு நெருக்கமோ, நானும் கஜனும் அவ்வளவு நெருக்கம்."

எனக்கு உடம்பு கூசியது. ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கை. இரட்டை உரிமை, இரட்டை உரிமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு, நீங்கள் சொல்லுறபடி செய்வன் எண்டு ஏனடி சொன்னனி?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செய்வன் தான் அம்மா. நானும் கஜனும் கதைச்சுப் போட்டம். கட்டுவம். ஆனா பிள்ளை பெறுறேல்லை எண்டு முடிவு. மாட்டம் எண்டு சொன்னா நீங்களும் மாமாவும் கதையாமல் விட்டிடுவியள். பிறகு அப்பாவும் மாமியும் கதைக்கேலாது. நாலு பேரும் பிரிஞ்சு போவியள். அதைவிட இது பரவாயில்லை."

இந்தப் பிள்ளை எங்களை விட்டு விலகிப்போகிறாள் என்று நான் எத்தனை பேரிடம் குறைப்பட்டிருப்பேன். வீட்டுக்கு வருவதில்லை, தமிழ் பேசுவதில்லை, ஜேர்மன்காரியாகவே மாறிவிட்டாள் என்று. அவள் இருந்த இருப்பு இதுதான். இருபத்துநான்கு வயதில், தன் வயிற்றை மூடிக்கொள்வதென்று முடிவெடுத்துவிட்டு, அதை யாருக்கும் சொல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள். எங்களுக்காக. அந்த அறையில் நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. எழும்பி வந்து சேலைகளை மடித்து வைத்தாள்.

5

ரயிலில் திரும்பி வரும்போது எங்கள் சனத்தைப் பற்றித்தான் யோசித்தேன். சண்டை எங்களைச் சிதறடித்தது. இலட்சக்கணக்கில் நாடு நாடாகப் போனோம். ஆனால் பிள்ளைக்குத் துணை தேடும்போது மட்டும் இன்ன ஊர், இன்ன பகுதி, இன்ன குடும்பம், கடைசியில் இன்ன வீடு என்று ஒரு சின்ன மணல்திட்டில் போய் ஏறிக்கொள்கிறோம். கடல்நாய்க்கு வேறு வழியில்லை, அவற்றின் எண்ணிக்கை குறைந்துபோனது. எங்களுக்கு என்ன குறை? இந்த நாட்டிலேயே எத்தனை ஆயிரம் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், முகத்தைச் சுளிக்கிறவர்கள் சுளியுங்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் அதிகம் பேசமாட்டார். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அண்ணைக்கு நீதான் சொல்லவேணும். அவர் உன்ரை அண்ணை."

"அவர் கோபிச்சுக்கொண்டு போனா உங்கடை தங்கச்சியும் போவாள்."

"தெரியும்," என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

தொலைபேசியில் சொல்கிற கதை இல்லை இது. முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அண்ணை வருகிற நாள்வரை எப்படிச் சொல்வது என்று சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். முடிவில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. அண்ணை பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, என் பிள்ளை பிள்ளை பெறுவாள்.

6

மண்டபத்தில் காலையிலிருந்து சமையல் நடந்தது. அண்ணை குடும்பத்தோடு முதல்நாள் இரவுதான் வந்து இறங்கியிருந்தார். வந்ததும் வராததுமாக மேடையில் எந்தக் கதிரையில் பெண், எந்தக் கதிரையில் மாப்பிள்ளை என்று ஓடியாடிக்கொண்டிருந்தார். நான் அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அண்ணை, இந்தக் கலியாணம் வேண்டாம்."

அவர் முகம் கறுத்தது.

"உன்ரை மகளுக்கு என்ரை பெடியன் போதாதோ? படிச்சிட்டாள் எண்டோ?"

"கஜனைப் போல பிள்ளை கிடைக்காது. அதுக்கில்லை. இரத்தம் கிட்டவா இருக்கு."

தர்சியின் மேசையையும் குட்டியின் நெஞ்சிலிருந்த புழுவையும் சொன்னேன். அண்ணை கையை வீசினார்.

"கடல்நாயையும் எங்களையும் ஒண்டாக்கிறியோ? எங்கடை ஆக்கள் காலங்காலமாச் செய்யேல்லையோ? உனக்கு விசர். இப்ப சனம் வரப்போகுது. என்ரை மானத்தை வாங்காதை. நான் மனுசியைக் கூட்டிக்கொண்டு இப்பவே வெளிக்கிடுறன்."

"வெளிக்கிடுங்கோ. வெளிக்கிட முன்னம் ஒண்டு சொல்லுங்கோ. உங்கடை பேரப்பிள்ளைக்குப் பூட்டன் பூட்டி ஆரார்?"

முறைத்துக்கொண்டே விரலை மடக்கினார். எனக்கு நின்ற இடத்தில்தான் அவருக்கும் நின்றது. ஆனால் அண்ணை இலேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"அதுக்கென்ன? நாலு நல்ல பூட்டன் பூட்டி. போதும்."

"அந்தப் பேரப்பிள்ளையும் வராது அண்ணை. ரெண்டும் பிள்ளை பெறுறேல்லை எண்டு முடிவெடுத்துத்தான் ஓம் எண்டவை. நாங்கள் நாலு பேரும் பிரியக்கூடாது எண்டு."

அண்ணை நம்பவில்லை. கதவைத் திறந்து, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த கஜனைக் கூப்பிட்டார். அவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தம்பி, மாமி சொல்லுறது உண்மையோ? பிள்ளை வேண்டாம் எண்டு நீயும் சொன்னனியோ?"

கஜன் நிலத்தைப் பார்த்தான்.

"ஓம் அப்பா. நீங்கள் எல்லாரும் சந்தோசமா இருக்கவேணும் எண்டுதான்."

அண்ணை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். நான் என் அண்ணையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது குலுங்கியது. அப்பாவின் செத்த வீட்டில்கூட அவர் அழுததை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வாசலில் கார் கிளம்பும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

கார் கிளம்பவில்லை. மண்டபம் நிறைந்தது. இரண்டு சோடியும் மாலை மாற்றினோம். மச்சாளின் கண்ணும் சிவந்திருந்தது, அண்ணை சொல்லிவிட்டார் என்று விளங்கியது. ஆனால் மாலை சரிந்தபோது என் தோளில் அதை நேராக்கிவிட்டாள். கேக் வெட்டி முடிந்ததும் சனம் முன்வரிசையில் இருந்த தர்சியையும் கஜனையும் பார்க்கத் தொடங்கியது. எல்லோருக்கும் கதை ஏற்கெனவே தெரியும். அண்ணை ஒலிவாங்கியை எடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். என்ரை மகன் கஜனுக்குப் பொம்பிளை பாக்கிறம். என்ரை மருமகள் தர்சினிக்கும் மாப்பிள்ளை பாக்கிறம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. ஒரே ஒரு நிபந்தனை. எங்களுக்கு ஒரு சொட்டும் சொந்தமா இருக்கப்படாது."

மண்டபம் ஒரு கணம் விழித்தது. பிறகு பகிடி என்று நினைத்துச் சிரித்தது. இவர்தான் முதலில் கை தட்டினார். கஜன் எழும்பிப் போய்த் தகப்பனைக் கட்டிப்பிடித்தான்.

தர்சி கதிரைகளுக்கு நடுவால் வந்து என் முன்னால் நின்றாள். அந்தச் சின்ன அறையில் அழாத பிள்ளை இப்போது அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சனத்துக்குக் கேட்காமல், என் காதுக்குள் கேட்டாள்.

"அம்மா, அப்ப நான் பிள்ளை பெறலாம் தானே?"